நான் வரல என்று சொன்ன பிறகு

என் கணவர் சென்னைக்கு மாற்றல் கேட்டிருந்த விஷயம் அவருடைய அலுவலக நண்பரின் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். லேக் கார்டன்ஸ் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "ஆர்டர் வந்துடுச்சாமே, எப்போ கிளம்புறீங்க?" என்றார்.

மாலையில் அவரிடம் கேட்டேன்.

"ஆமா. சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் வரல."

மகள் கல்லூரிக்குப் போன பிறகு, நாற்பதைத் தாண்டி, சால்ட் லேக்கில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். என் மகள் வயதுப் பெண்களிடம் வேலை கற்றேன். இப்போது அங்கே ஒரு பிரிவே என் பொறுப்பில் இருக்கிறது. அவர் சொந்தக்காரர்களிடம், "சும்மா பொழுது போகப் போயிட்டு வர்றா" என்பார்.

எங்கள் சண்டைகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அவர் பேச்சை நிறுத்திவிடுவார். யார் தப்பாக இருந்தாலும் நான்தான் போய், "சரி, விடுங்க" என்பேன். அதைத்தான் பொறுமை என்று எல்லோரும் பாராட்டினார்கள். இந்த முறை நான் போகவில்லை. அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்காவை வீடியோ காலில் கூப்பிட்டு, போனை என் கையில் கொடுத்தார்.

"இந்த வயசுல புருஷன தனியா அனுப்புவியா? நாலு பேர் என்ன நெனப்பாங்க?" என்றார் அண்ணி.

"அண்ணி, இது எங்க ரெண்டு பேர் விஷயம். அவர் எங்கிட்ட பேசட்டும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் கத்தினார். நானும் கத்தினேன். ஜன்னல்கள் திறந்திருந்தன. கீழ்வீட்டு பெங்காலிப் பெண்மணி, எல்லோரும் பௌதி என்று கூப்பிடுபவர், மறுநாள் மாடிப்படியில் தயங்கியபடி விசாரித்தபோது, "ஆமாம், சண்டை போட்டோம்" என்றேன். பக்கத்தில் நின்ற என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது.

வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆபீஸ்ல எனக்கு மதிப்பே இல்ல. எனக்குக் கீழ இருந்தவன் இப்போ எனக்கு மேல. அவங்க பெங்காலியில பேசிச் சிரிச்சா என்னைப் பத்தித்தானோன்னு தோணுது. ஊருக்குப் போயிட்டா போதும்னு இருந்துச்சு."

"இத மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ என்ன நெனப்பியோன்னு..."

அவர் தோளில் கை வைத்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும், "நீங்க போங்க. நான் இங்க இருக்கேன்" என்றேன். மனம் இளகினால் முடிவையும் மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

போனார். அங்கே ஒரு சின்ன வீடு எடுத்து, தானே சமைக்கிறார். தினமும் மாலையில் பேசுகிறோம். பருப்பு குழைந்ததிலிருந்து அலுவலகத்தில் பட்ட வருத்தம் வரை சொல்கிறார். போனிலும் சண்டை போடுகிறோம். ஆனால் முடிக்காமல் வைப்பதில்லை. பூஜை விடுமுறைக்கு வந்தவர், பௌதியின் கணவரிடம், "இவளுக்கு இங்க முக்கியமான வேலை இருக்கு" என்று தானாகவே சொன்னார். நான் காதில் விழாததுபோல் இருந்தேன்.

அண்ணி இன்னமும் என்னோடு பேசுவதில்லை. குடும்பத்தில் நாங்கள் பிரிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். இத்தனை வருடம் ஒரே வீட்டில் வாய்மூடிக் கிடந்தபோது இவர்களில் ஒருவர்கூட என்னவென்று கேட்டதில்லை.