எறும்பு தின்று பிழைத்தவன்

போஸ்னியாப் போரில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு ஜெட்டின் விமானி உயிரோடு திரும்பியதை ஊர் உலகமெல்லாம் கொண்டாடியது. எனக்கு அவன்மேல் இன்றும் ஆத்திரம்தான். அவன் பிழைத்ததால் எங்கள் வீட்டில் அண்ணியின் வாழ்க்கை நாசமாய்ப் போனது.

நாங்கள் வேலை செய்த ரப்பர் எஸ்டேட்டை முதலாளி விற்றதும் உம்பாய் என்ற கடலோர ஊருக்குக் குடிவந்தோம். ரப்பர் மரத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத அண்ணன் ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், மீன்பிடிப் படகில் வேலைக்கு ஏறினான். நீச்சல்கூடத் தெரியாது. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. காற்றுமழையில் படகு உடைந்து பலகைகள் கரை ஒதுங்கின, அவன் ஒதுங்கவில்லை. தவுக்கே அடுத்த மாதமே வேறு படகு இறக்கிவிட்டான்.

உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் கருமாதியை முடிப்பது எங்கள் வழக்கம். அண்ணியின் அப்பா அதற்கு நாள் குறித்துக்கொண்டு வந்திருந்தார். அன்று மாலை மலாய்ச் செய்தியில் அந்த விமானியைக் காட்டினார்கள். ஏவுகணை பட்டு ஜெட் விழ, பாராசூட்டில் குதித்து, காட்டில் எறும்பைத் தின்று மழைநீரைக் குடித்து ஒளிந்திருந்தவனை ஆறாம் நாள் ஹெலிகாப்டர்கள் போய்த் தூக்கி வந்தனவாம். அம்மா டிவியைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

“ஆகாசத்துலேருந்து விழுந்தவனே பொழைச்சிட்டான். என் மவன் எந்தத் தீவுல ஒதுங்கிக் கெடக்கானோ! கருமாதியும் வேணாம், ஒண்ணும் வேணாம் லா. அவ தாலியில யாரும் கை வைக்கக் கூடாது.”

அண்ணியின் அப்பா குறித்த நாளை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

அதன்பிறகு அண்ணி சுமங்கலியாகவே வைக்கப்பட்டாள். தீபாவளிக்குத் தீபாவளி அம்மா அண்ணனுக்குப் புதுச்சட்டை எடுப்பாள். அண்ணி அதற்கு மஞ்சள் வைத்து அலமாரியில் அடுக்க வேண்டும். கண் கலங்கினால், “புருசன் உசுரோட இருக்கறப்ப என்னா ஒப்பாரி?” என்று அதட்டல் விழும். செத்த புருஷனுக்காக அழக்கூட உரிமை இல்லாத கொடுமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சில வருடங்கள் கழித்து, சுங்கை ஊடாங்கில் வெல்டராக இருந்த ஒருவர், மனைவியை இழந்தவர், பெரியவர்களோடு வந்து அண்ணியைப் பெண் கேட்டார். “கட்டுனவன் இருக்கறப்பவே பொண்ணு கேக்க வர்றியா?” என்று அம்மா அவரை வாசலோடு விரட்டினாள்.

அண்ணி உள்ளேயிருந்து சட்டைகளை எல்லாம் அள்ளி வந்து அம்மாவின் மடியில் வைத்தாள். தாலியைக் கழற்றி அதன்மேல் வைத்தாள்.

“அத்த, அந்த வெள்ளக்காரன தேடி அத்தன ஹெலிகாப்டர் போச்சு. இவர தேடி யாரு போனா? சொல்லுங்க.”

அண்ணி பையோடு பஸ் ஏறிப் போன பிறகு, அம்மா என் பக்கம் திரும்பி, “அவன் வந்து கேட்டா நான் என்னா சொல்றது?” என்றாள்.