சக்கரம் வைத்த வீட்டுக்கு வாஸ்து

சக்கரம் வைத்த வீட்டுக்கு வாஸ்து பார்த்தவன் நான். இதை எங்கேயாவது எழுதிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன். எழுதிப் பார்த்ததில் அப்படி ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

அந்த வீடு ஒரு கேம்பிங் டிரெய்லர். இரண்டு சக்கரம், ஒரு கட்டில், ஒரு மடக்கு மேசை, ஒரு சின்ன ஃபிரிட்ஜ். கூரைமேல் நான்கு சோலார் தகடுகள், பின்பக்கப் பெட்டியில் இரண்டு பேட்டரி, ஓர் இன்வெர்ட்டர். கரண்ட் கம்பமே இல்லாத இடத்தில் போய் நின்று நிம்மதியாக வாழலாம் என்று இணையத்தில் யார் யாரோ சொன்னதை நம்பி, ஐம்பதாவது வயதில் பட்டறையில் சொல்லிச் செய்த வண்டி. அதை இழுக்க என்னிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர். ஆகவே டிராக்டர் வைத்து முசரவாக்கம் வரை இழுத்துப்போய், ஏரிக்கரையை ஒட்டிய ஒரு கரம்பில் நிறுத்தினோம். வண்டி தன் ஆயுளில் பார்த்த பயணம் அவ்வளவுதான்.

ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. ஒரு காரியத்தைப் பற்றிப் படித்து முடித்தாலே அதைச் செய்து முடித்த களைப்பு வந்துவிடும் எனக்கு. சோலாரைப் பற்றி நிறையப் படித்தேன். பக்கத்து அலமாரியில் இருந்ததால் வாஸ்துவையும் படித்தேன்.

வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் முசரவாக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டால், சர்ச்சுக்குப் போய்விட்டு வருகிறேன் என்பார். சொன்ன நேரத்துக்கு வந்தும் விடுவார். கூரையில் தகடுகளை வண்டியின் பின்பக்கமாகச் சாய்த்து இரும்புச் சட்டத்தில் முடுக்கிவிட்டு, சாய்ந்த பக்கம் தெற்கே பார்க்கிற மாதிரி வண்டியை நிறுத்தச் சொன்னார். அப்படி நிறுத்தினால் வாசல் மேற்கே வரும். எனக்கு வாசல் கிழக்கே வேண்டும். கிழக்கே வைத்தால் தகடுகள் வடக்கே சாயும். சாயட்டும், வடக்கு குபேரன் திசை, தெற்கு எமன் திசை என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் ஸ்குரூடிரைவரால் காதைச் சொறிந்துகொண்டு கேட்டார். பிறகு, உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம் என்று போய்விட்டார்.

அது வைகாசி. ஃபேன் ஓடியது, விளக்கு எரிந்தது, ஃபிரிட்ஜில் தண்ணீர் சில்லென்று இருந்தது. போனில் அவரிடம் நான் பேசிய தொனியை இப்போது நினைத்தால் கூசுகிறது. வைகாசியில் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் போகிறது என்பது நான் படித்த புத்தகத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்துக்கு நான் போகவில்லை.

மார்கழியில் என் மனைவிக்கு ஒரு தேர்வு வந்தது. என் அம்மாவுக்கு முடியாமல் போனபோது கணக்கு டீச்சர் வேலையை விட்டவள். பதினெட்டு வருடம் கழித்து, இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு எனக்குத் தெரியாமலே விண்ணப்பித்திருந்தாள். நாற்பது நிமிடம் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பின்னங்கள். காலை பதினொரு மணி. ஒரே வாய்ப்பு, மறுபடி தேதி கிடையாது. பின்னால் எந்தச் சத்தமும் வரக்கூடாது என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தறி. காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கும் 'தடக் தடக்' பொழுது சாயும்வரை நிற்காது. நெடுக்கு இழைகளான பாவு தீர்ந்து, புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகக் கையால் முறுக்கிப் பிணைக்கிற இரண்டு மூன்று நாள் மட்டும் சுவர் ஊமையாக இருக்கும். மற்ற நாளில் எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை.

"வண்டிக்குப் போயிடலாம், அங்க சத்தமே இருக்காது" என்றேன். என் வாழ்க்கையில் அந்த வண்டியால் ஒருவருக்கு உபயோகம் வந்த முதல் தருணம். அவள் சரி என்றாள். வேறு வழி இருந்திருந்தால் சரி என்றிருக்க மாட்டாள்.

ஸ்கூட்டரில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அந்த லேப்டாப்பின் பேட்டரி செத்து ஒரு வருடம். செருகி வைத்தால்தான் உயிர். ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏரியில் பனி விலகவில்லை. நான் முதல் காரியமாக மின்கெண்டியில் காபிக்குத் தண்ணீர் வைத்தேன். இரண்டாவது காரியமாக ஃபிரிட்ஜைத் திறந்தேன். அது போன வாரம் வண்டிக்குப் பூஜை போட்ட நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு எலுமிச்சம்பழம், அந்தப் பூஜையில் சக்கரத்துக்கு வைத்தது போக மீந்தவை. ஒரு வாரத்துச் சூரியனை அவை சாப்பிட்டிருந்தன. மிச்சத்தை என் காபி சாப்பிட்டது.

பத்தேகாலுக்கு இன்வெர்ட்டர் கத்தி அடங்கியது. லேப்டாப் கறுத்தது.

அவள் கோபப்படவில்லை. படுக்கையில் உட்கார்ந்து, நாற்பது நிமிடத்துக்கு எழுதிவைத்த குறிப்பைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதுங்க" என்றாள். அதை என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை.

அவசரத்துக்கு என்று வாங்கிய பழைய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று உண்டு. கயிற்றை இழுத்தேன். கிளம்பியது. கரையில் இருந்த கொக்குகள் எல்லாம் எழுந்துபோயின. பத்துத் தறி சேர்ந்தாலும் அந்தச் சத்தம் வராது. நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

பைக்கில் ஐந்தே நிமிடத்தில் வந்தார். அவர் வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டேன். தெருவில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகை நடக்கிறது, ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்கள் என்றார். பிறகு கூரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியாக என்னை.

"சூரியன் தெக்கால போய்க்கினு இருக்குது சார். நீங்க அதுக்கு முதுகைக் காட்டிக்கினு நிக்கிறீங்க."

நான் அண்ணாந்து சூரியனைத் தேடினேன்.

"எமன் வர்ற திசைன்னு சொன்னீங்க இல்ல? கரண்ட்டும் அங்கருந்துதான் சார் வருது. திருப்புவோம்."

பின்பக்கத் தாங்குகால்களைத் தூக்கிவிட்டு, டிராக்டரில் மாட்டுவதற்காக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு ஏர்க்காலைப் பிடித்து மூன்று பேரும் வண்டியை அதன் அச்சிலேயே சுற்றினோம். ஈரமண்ணில் சக்கரம் நகர மறுத்தது. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தோள் கொடுத்தாள். அவள் தள்ளியபோதுதான் நகர்ந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வாசல் மேற்கே வந்தது. வெயில் தகடுகளில் நேராக விழுந்தது. அவர் ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கெண்டியை என் கையில் கொடுத்து, தூரமாக வைக்கச் சொன்னார். பத்து ஐம்பதுக்கு இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு வந்தது.

ஆனால் திருப்பியதில் பின்பக்கத் தாங்குகால் ஒன்று வளைந்துபோயிருந்தது. அவள் மேசைக்குப் போய் உட்கார்ந்ததும் வண்டி பின்னால் சாய்ந்தது. மாணவர்களுக்கு டீச்சர் மல்லாந்து தெரிவார். சரிசெய்ய நேரம் இல்லை. ஆகவே நாற்பது நிமிடமும் நானும் எலக்ட்ரீஷியனும் முன்னால் ஏர்க்காலில் எதிர்ப்பாரமாக உட்கார்ந்திருந்தோம். அசையக்கூடாது, இருமக்கூடாது. மார்கழி வெயில் இதமானது என்பார்கள். அந்த இரும்பின்மேல் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உள்ளே அவள் குரல் கேட்டது. ஒரு தோசையை எட்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. சுவருக்கு மேலே எழும்பத் தேவையில்லாத, சாதாரணமான குரல்.

"எங்க வீட்டு வாசல் தெக்கு பாத்துதான் சார் இருக்குது" என்றார் அவர், காதோடு. "எங்க தெருவே அப்படித்தான். எமன் ஒரே தடவை வந்தாரு. அதுவும் உங்க ஊர்ல யாருக்கோ விலாசம் கேட்டுக்கினு."

சிரித்தால் வண்டி ஆடும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கு நன்றி சொன்னாள். என்னிடம், வீட்டுக்குப் போகலாம் என்றாள். இடுப்பு வலியோடு ஸ்கூட்டரை மிதித்தேன். வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுத்தவர்கள், பொழுது சாய்ந்த பிறகுதான் எழுந்தோம்.

நான்காம் நாள் அவளை எடுத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிவந்து, முதலில் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்குத்தான் எடுத்துப்போனோம். தறிக்காரர் தறியின் கால்குழியிலிருந்து ஏறி வந்து துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். நான் சத்தம், ஏரி, பனி, சோலார், எமன் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் ஒரு துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்றார். எந்தக் கிழமை என்று கேட்டார். வியாழன் என்றேன்.

"வியாழக்கிழமையா?" என்றார். "அன்னைக்கு நான் தறியே ஓட்டலியேப்பா. நாள் பூரா உக்காந்து பாவுல்ல பிணைச்சிக்கினு இருந்தேன்."