ஒன்பது கிலோவும் ஒன்றரைக் கிலோவும்

கல்லூரிக் கேன்டீனில் பத்தொன்பது வருஷமாகப் பரிமாறுகிறவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கரண்டியக்கா. நாற்பத்தாறு வயதில் அவள் அதே கல்லூரியின் மாலை வகுப்பில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷப் படிப்பு; அவளுக்கு ஆறாவது வருஷம் நடந்தது. நடுவில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார், மகளின் பள்ளி இறுதித் தேர்வு வந்தது, ஒரு பாடம் இரண்டு முறை காலை வாரியது. எல்லாம் தாண்டி, பாக்கி ஒன்றே ஒன்று: ஆய்வு நாள்.

அன்றைக்கு எல்லாத் துறைகளின் கடைசி வருஷப் பிள்ளைகளும் தங்கள் ஆராய்ச்சியைப் போஸ்டராக மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நடுவர்கள் வந்தால் ஏழு நிமிஷம் பேச வேண்டும், பிறகு கேள்வி. தேறினால் பட்டம். தேறாவிட்டால் இன்னொரு வருஷம். ஏழாவது வருஷம் என்ற சொல்லை வீட்டில் யாரும் வாயால்கூடச் சொல்வதில்லை.

கரண்டியக்காவுக்கு இடது பக்கம் இயற்பியல் பையன். சொட்டுகிற குழாய்களை ஆராய்ந்தவன். வலது பக்கம் வரலாற்றுப் பெண், ஆயிரத்துச் சொச்சம் பழைய பேருந்துச் சீட்டுகளோடு. எதிரே இசைத்துறைப் பையன். தாலாட்டுக் கேட்டுக் குழந்தைகள் எத்தனை நிமிஷத்தில் தூங்குகின்றன என்று பார்த்திருந்தான். அவனே பாடியதால் பாதிக் குழந்தைகள் தூங்கவில்லை.

அவள் ஆராய்ந்தது தட்டை. நாற்பது நாள் பெரிய தட்டில் சாப்பாடு, நாற்பது நாள் சின்னத் தட்டில். வீணாகிற சோறு நாளுக்கு நாற்பத்திரண்டு கிலோவிலிருந்து முப்பத்து மூன்றாக இறங்கியிருந்தது. அந்த இறக்கத்தைச் சிவப்புக் கோடாக, போஸ்டரின் நட்ட நடுவில் போட்டிருந்தாள்.

பேருந்து ஓட்டுகிற அவள் கணவர் லீவு போட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக்கொண்டிருந்தார்.

"ஒம்பது கிலோ சார்! தினமும்! வெறும் தட்டை மாத்தினதுக்கே!"

"கொஞ்சம் சும்மா இருங்களேன். டிக்கெட் ஏத்துற மாதிரி கூவுறீங்க."

"டிக்கெட் ஏத்துறது கண்டக்டர். நான் டிரைவர்."

பதினோரு மணிக்குப் பாத்திரம் கழுவுகிற அம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள். எண்பது நாளும் மிச்சச் சோற்றை வாளியில் தட்டி எடை மெஷினில் தூக்கி வைத்தது அவள்தான். போஸ்டரின் எழுத்துப் பக்கம் போகவே இல்லை. படங்களை மட்டும் பார்த்தாள்.

"அடடே, இதுல பழைய வாளி இருக்கு பாரு! அந்த இரும்பு வாளி. சனியன், என் முதுகையே வாங்கிடுச்சு. நல்ல வேளை, கைப்பிடி கழண்டுச்சு. நீ சின்னத் தட்டு கொண்டாந்த அன்னைக்கே பிளாஸ்டிக் வாளியும் வந்துச்சு. என்ன லேசு, என்ன லேசு!"

கரண்டியக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

எடையை அவள் வாளியோடு சேர்த்துத்தான் எழுதியிருந்தாள். வாளி ஒன்றேதான் என்றால் அது தப்பில்லை. இரண்டு பக்கமும் அதே வாளி இருக்கும், வித்தியாசம் மாறாது. வாளி மாறும் என்று யார் நினைத்தார்கள்?

கேன்டீனுக்கு ஓடினாள். இரும்பு வாளி பின்கட்டில் நிலக்கரிச் சாம்பலோடு கிடந்தது. கொட்டிக் கழுவி, மெஷினில் வைத்தாள். மூன்றரைக் கிலோ. பிளாஸ்டிக் வாளி ஒரு கிலோ. வாளிக்கு இரண்டரை வித்தியாசம், தினமும் மூன்று தடவை எடை. ஏழரைக் கிலோ வாளியிலேயே போய்விட்டது. தட்டின் சாமர்த்தியம் ஒன்றரைக் கிலோ.

திரும்பி வந்தபோது நடுவர்கள் வரிசையின் அந்தக் கோடியில் இருந்தார்கள். விஷயத்தைக் கேட்ட கணவர் கூவுவதை விட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வாளியைப் பத்தி யாரு கேக்கப் போறா? பேசாம ஒம்பதுன்னே சொல்லிடு."

"கேக்க மாட்டாங்க. ஆனா இந்தக் கணக்கை நம்பி காலேஜ்ல ஆயிரம் சின்னத் தட்டு வாங்கப் போறாங்க. நாளைக்கு அந்தத் தட்டுல சோறு போடப் போறதும் நான்தான். தினமும் அதோட முகத்துல முழிக்கணும்ல?"

"அப்ப ஏழாவது..." என்று ஆரம்பித்தவர், மீதியை விழுங்கினார்.

"எனக்கு மட்டும் ஆசையாங்க?" என்றாள். பிறகு இயற்பியல் பையனிடம் கையை நீட்டினாள். "தம்பி, அந்தத் தடிப் பேனாவைக் குடு."

அச்சடித்த சிவப்புக் கோட்டின் குறுக்கே கறுப்பில் அடித்தாள். வரலாற்றுப் பெண்ணுக்குக் கையெழுத்து அழகு. அவள் புது எண்களை எழுதிக் கொடுத்தாள். "அக்கா, காரணம்னு ஒரு இடம் விடட்டுமா?" என்று கேட்டு, 'வாளி மாறியது' என்று அடியில் எழுதினாள்.

நடுவர்களில் மூத்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போஸ்டரைப் பார்த்தார்.

"என்னம்மா இது, இவ்வளவு அடிச்சிருக்கீங்க?"

கரண்டியக்கா மனப்பாடம் செய்த ஏழு நிமிஷத்தையும் விட்டுவிட்டு வாளிக் கதையைச் சொன்னாள்.

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"இப்பத்தான் மேடம். அரை மணி ஆச்சு."

"அப்ப உங்க முடிவு?"

"சின்னத் தட்டால பெரிசா ஒண்ணும் குறையல. ஒன்றரைக் கிலோ. அதுவும் நிஜமான்னு சொல்ல, மறுபடி நாப்பது நாள் பாக்கணும். வெறும் வாளியை மொதல்ல எடை போட்டுட்டு."

அந்த அம்மாள் நிறைய எழுதினார். நிறைய எழுதினால் நல்லதா கெட்டதா என்று கணவர் இயற்பியல் பையனிடம் கிசுகிசுத்தார். அது அவன் காதில் விழவில்லை. அவன் முகம் வெளுத்திருந்தது. நடுவர்கள் அவன் பக்கம் திரும்பியதும், "மேடம், நானும் ஒண்ணு சொல்லணும். மூணாவது குழாய் சொட்டினப்ப நான் தூங்கிட்டேன்" என்றான்.

அவனுக்கு அடுத்து நின்ற பெண்ணுக்கும் சொல்ல ஒன்று இருந்தது. அந்த வரிசை முடிய ஒன்றேகால் மணி நேரம் அதிகமாயிற்று.

நடுவர்கள் சாப்பிட வந்தபோது கரண்டியக்கா ஏப்ரனை மாட்டிக்கொண்டு பரிமாறுகிற இடத்தில் நின்றிருந்தாள். மூத்த அம்மாள் தட்டை நீட்டினார்.

"திருத்தின கணக்கை வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க. உங்களுக்கு நான் பாஸ் போட்டாச்சு."

கரண்டியக்காவுக்குக் கை நின்றுவிட்டது. பிறகு வேகமாக நகர்ந்தது. தட்டில் ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, மூன்றாவதும் விழுந்தது.

"போதும்மா, போதும்! இதை நான் எப்படிச் சாப்பிடறது?"

"மெதுவா சாப்பிடுங்க மேடம்," என்றாள் அவள். "மிச்சம் மட்டும் வைக்காதீங்க."