பதினாறு பவுண்டுக்கு மேல்

டர்போ பட்டறையில் நாள் முழுக்கக் காதில் விழும் சொல் "இன்னும் கொஞ்சம்." தண்டையார்பேட்டையில் பட்டறை போட்ட நாளிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஜீப் வைத்திருப்பவர்களும், ஜீப் வைத்திருப்பவரோடு குடித்தனம் நடத்துபவர்களும் நான் படும் பாட்டைப் புரிந்துகொள்வீர்கள். இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு வண்டியைப் பற்றி.

இருபது வேண்டும்

ராயபுரம் பீட்டரிடம் பழைய ஃபோர் வீல் டீசல் ஜீப் ஒன்று இருந்தது. எண்ணூர்ப் பக்கத்து மணலில் ஃபைபர் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றுவதுதான் அவர் தொழில். அந்த இன்ஜின் போனால் தொழில் போயிற்று. வேறு வண்டி வாங்க வழியில்லை.

டர்போ என்பது இன்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று, அதே இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சின்ன விசிறி. திணிக்கும் அளவை, டயர் காற்றைப் போலவே, பவுண்டில் சொல்வோம். அவர் வண்டிக்குக் கம்பெனி வைத்தது பதினான்கு. காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சுத்தமாக இருந்தால் பதினாறு வரை போகலாம். அதற்கு மேல் இழுவை கூடும், சூடும் கூடும், ஒருநாள் பிஸ்டனே உருகும்.

பீட்டர் இருபது கேட்டார். நான் பதினாறில் நிறுத்தி, அளவுத் திருகின் மேல் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தேன். யாராவது திருகினால் பூச்சு விரிசல் விட்டுக் காட்டிக்கொடுக்கும். அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "படகை இழுக்கச்சொல்ல, அலை இன்னா நம்பர்னு கேட்டுக்கினா வருது பாய்?"

பூட்டிய வண்டி

படகை இழுத்த சூட்டோடு அவர் வண்டியை அணைத்துவிடுவார். அப்படிச் செய்தால் டர்போவுக்கு எண்ணெய் சட்டென்று நின்று, உள்ளே தண்டு கருகும். அதனால் ஒரு டைமர் பொருத்தினேன். சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் இரண்டு நிமிஷம் மெதுவாக ஓடி, தானே அணையும்.

வண்டிக்கு நல்லதுதான், தெருவுக்குத்தான் ஆகவில்லை. நடுப்பகலில் பீட்டர் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார். காலி ஜீப் உறுமிக்கொண்டே நிற்கும். எதிர்வீட்டுக்காரர்கள் சிலுவை போட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்கள். மூன்றாம் நாள் அவர் மனைவி ஸ்டெல்லா பட்டறைக்கே வந்தார். டைமரைப் பற்றி நிதானமாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்: "அதெல்லாம் சரி பாய், கடைசியா ஆஃப் ஆவுறப்போ உள்ள யாரோ மூச்சு வுடுறாங்களே, அது யாரு?"

உடையாத பூச்சு

மழைக்காலத்துக்குச் சற்று முன்பு பீட்டர் சிரித்த முகத்தோடு வந்தார். டர்போ காற்றின் மீட்டர் முள் பதினெட்டைக் காட்டுகிறது என்றார். அடுத்த வாரம் இருபது. நெயில் பாலிஷைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே ஓட்டினேன். திருகை யாரும் தொடவில்லை, ஆனாலும் முள் என் கண்ணெதிரே இருபத்தொன்றுக்கு ஏறியது.

பட்டறைக்குத் திரும்பியதும் காரணம் தெரிந்தது. அளவு மிஞ்சினால் அதிகப் புகையை விசிறிக்குப் போகாமல் வெளியே விடும் குட்டிக் கதவு ஒன்று டர்போவில் உண்டு. எண்ணூர் உப்புக்காற்றில் அது துருவேறி, மூடியபடியே இறுகிக்கொண்டிருந்தது. நான்கு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். புயல் எச்சரிக்கை வந்திருக்கிறது, எல்லாப் படகையும் நாளைக்குள் ஏற்றியாக வேண்டும் என்றார். இன்ஜினே போய்விடும் என்றேன். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்: "தானா ஏறுதுன்னா, அது நமக்குன்னு ஏறுது. வுடு பாய்."

மூன்றாவது நிமிஷம்

மனசு கேட்காமல் மறுநாள் நானும் கடற்கரைக்குப் போனேன். பகல் பன்னிரண்டு மணி. காற்றே இல்லை. கடல் ஈயத்தகடு மாதிரிக் கிடந்தது. பீட்டர் ஐந்து படகுகளை ஏற்றியிருந்தார். ஆறாவது அவருடையது. அதற்கு முன் இன்ஜின் ஆறட்டும் என்று இறங்கி, சாவியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

இரண்டு நிமிஷம் ஆயிற்று. இன்ஜின் நிற்கவில்லை. மூன்றாவது நிமிஷம் சத்தம் ஏறத் தொடங்கியது. ஆக்சிலேட்டரில் கால் இல்லை, பூட்டில் சாவி இல்லை. காலி ஜீப் குலுங்கிக் குலுங்கி அலறியது. நீலப் புகை மணலை மூடியது. எனக்குப் புரிந்துவிட்டது. அளவுக்கு மீறிச் சுழன்ற டர்போவில் எண்ணெயைத் தடுக்கும் சீல் உடைந்து, இன்ஜின் தன் எண்ணெயைத் தானே குடித்து ஓடுகிறது. சாவி டீசலைத்தான் நிறுத்தும். பீட்டரோ சாவியைப் பிடித்தபடி, "இரு பாய், டைமர் ஓடிகினு கீது" என்று நின்றார்.

கியர் போட்டுத் திணறவைத்து நிறுத்தலாம். ஆனால் எதிரே ஆட்கள் நின்றார்கள். இன்ஜினுக்குள் போகும் காற்றை அடைப்பதுதான் மிச்சமிருந்த வழி. கையால் அடைத்தால் கை போகும். பலகை வேண்டும் என்று கத்தினேன். கரையோரம் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஸ்டெல்லா அந்தப் பலகையோடு ஓடிவந்தார். காற்றுக் குழாயை உருவிவிட்டு, அதன் வாயில் பலகையை வைத்தேன். உள்ளிருந்து யாரோ பிடுங்குவது போல அது என் கையிலிருந்து போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் நின்றது. பலகையில் மீன் செதில்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

ஆறாவது படகை ஊரே கையால் இழுத்தது. மறுவாரம் இன்ஜினைப் பிரித்தேன். இரண்டு பிஸ்டன்களின் தலை உருகி வழிந்திருந்தது. சரிசெய்ய ஒன்றும் மிச்சமில்லை. பீட்டர் குனிந்து அவற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சாவியை என் மேஜைமேல் மெதுவாக வைத்தார்: "சாவிய எடுத்தா நின்னுடும்னு இத்தினி வருசமா நம்பிகினு இருந்தேன் பாய்."

பதினாறுக்கு மேல் கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் வாதாடுவதில்லை. வண்டியில் நல்ல கனமான பலகை ஒன்று வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் விசாரிக்கிறேன், பெரும்பாலானவர்கள் பதினான்குக்கே சம்மதித்துவிடுகிறார்கள்.