புஷ்பமேரி கற்ற லிஸ்ப்

என் தங்கை புஷ்பமேரி கம்ப்யூட்டரைப் பார்க்காமலே கம்ப்யூட்டர் மொழி கற்றவள். 1988-இல் பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்துகொண்டு வேறு எப்படிக் கற்பது? இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பியதால் வயல் வேலைக்கு ஆகாதவள். பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள்.

"அப்பாவுக்கு அப்புறம் உன் வூட்டு மூலையில நான் கெடக்கக் கூடாதுண்ணா. எனக்கு ஒரு வேல வேணும்" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். சுருக்கென்றது. ஆனால் நியாயம்தான். என் மனைவியை எனக்குத் தெரியும்.

நான் பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். அங்கே லிஸ்ப் என்ற மொழி தெரிந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த மொழிக்கான புத்தகம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அவள் புரோகிராமை நோட்டில் எழுதித் தபாலில் போடுவாள். நான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடித்து, வந்த விடையை எழுதி அனுப்புவேன். எனக்கு ஒரு எழவும் புரியாது. அவளுக்குப் புரிந்தது. மாடு, ஆடு என்று ஒவ்வொன்றையும் ஒரு பொருளாக எழுதியிருந்தாள். தீனி எவ்வளவு என்று கேட்டால் அதது தன் அளவைத் தானே சொல்லும். அந்தக் கேள்வியையே ஃபங்ஷன் என்ற இன்னொரு குட்டிப் புரோகிராமின் கையில் கொடுத்துவிட்டால், அது பட்டி முழுவதையும் கேட்டு வந்துவிடும். எங்கள் இன்ஜினியர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வுக்கு வரச் சொன்னார்.

தேர்வன்று அவர் வெளியூர் போய்விட்டார். புஷ்பமேரி ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித்தேடி அடித்தாள். திரையில் வரி நிறைந்ததும் எழுத்து தானாகவே அடுத்த வரிக்குப் போனது. கடைசி அடைப்புக்குறியைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அரை மணி முடிந்தது. விடை வரவில்லை என்று எழுதிக்கொண்டு மேற்பார்வையாளர் அனுப்பிவிட்டார்.

வாசலில் கேட்டேன். "அடிச்சு முடிச்சுட்டு என்டர் தட்டினியா?"

"அப்படின்னா?"

என்டரைத் தட்டினால்தான் கம்ப்யூட்டர் வேலையையே தொடங்கும். அவள் அனுப்பிய ஒவ்வொரு தாளுக்கும் அதைத் தட்டியவன் நான். கை பழக்கத்தில் தட்டியது. கடிதத்தில் எழுத மட்டும் தோன்றவில்லை. இன்றும் நினைத்தால் என் மேலேயே ஆத்திரமாக வருகிறது. உள்ளே ஓடிக் கெஞ்சினேன். ஒருவருக்கு ஒரு தடவைதான் என்றார்கள்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"பொட்டி யோசிக்குதுன்னு நெனச்சேண்ணா. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சும்மா உக்காந்திருந்தேன்" என்றாள்.