புள்ளி நோட்டு

சிவகாசிப் பக்கம் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் இரண்டு வருடம் எல்.கே.ஜி. டீச்சராக இருந்தேன். எழுத்து சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்ல வாய் கூசுகிறது.

புள்ளி வைத்து அச்சடித்த நோட்டு கொடுப்பார்கள். புள்ளிமேல் பென்சிலை ஓட்டினால் எழுத்து வரும். நாற்பது பிள்ளைகளுக்கும் கைப்பிடித்து ஓட்டவைக்க நான் ஒருத்தி. பெற்றோர் வந்து பார்க்கும் நாளில் ஒரு பக்கம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது என்பது தாளாளரின் உத்தரவு. பிள்ளைக்கு எழுத வந்ததா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் மிச்சப் பக்கங்களை டீச்சர்கள் நாங்களே நிரப்பினோம். வலது கையால் எழுதினால் அழகு காட்டிக்கொடுத்துவிடும் என்று இடது கையால் எழுதுவோம். கோணல்மாணலாக, பிள்ளை எழுதிய மாதிரியே வரும். அந்தத் திறமையை மெச்சி எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். வெட்கங்கெட்ட சிரிப்பு.

வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற ஒரு அம்மாவின் மகள் என் வகுப்பில் இருந்தாள். கம்பெனி வேனில் அம்மா வந்து இறங்கும்வரை சாயங்காலம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அடுத்த வகுப்பில் புள்ளி கிடையாது, தானாகவே எழுத வேண்டும். அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு எழுத்தாவது பழக்கியிருக்கலாம். நான் அவளை வைத்துக்கொண்டே அவள் நோட்டை நிரப்பினேன். கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெற்றோர் நாளன்று, தீபாவளி சீசனில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அந்த அம்மா வந்தார். படிக்காதவர். பட்டாசு மருந்து ஏறிய விரல் பட்டுத் தாள் அழுக்காகிவிடும் என்று முந்தானையால் பிடித்துப் பக்கங்களைப் புரட்டினார்.

"இம்புட்டும் எம்புள்ளையா எழுதுச்சு டீச்சர்? இது போதும். இவ கம்பெனிப் பக்கமே வரக் கூடாது."

ஆமாம், அவள் எழுதியதுதான் என்றேன்.

ஒரு எழுத்து எழுதிக்காட்டு என்று மகளிடம் சொன்னார். அவள் பென்சிலை எடுத்தாள். இடது கைக்கு மாற்றிக்கொண்டு தாளில் குனிந்தாள். அத்தனை நாளில் என்னிடம் அவள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

அம்மா பட்டென்று அந்தக் கையில் அடித்தார். "சோத்துக் கையில எழுதுட்டி."

பிள்ளை அழவில்லை, என்னைப் பார்த்தாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பென்சிலை அவள் வலது கையில் வைத்து, அந்தக் கையை என் கையால் இறுக்கிப் பிடித்து ஓட்டினேன். ‘அ’ அழகாக வந்தது.

அந்த அம்மா கண் கலங்கி என்னைக் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.