திரும்பச் சொல்லாத ரங்கண்ணன்

ரங்கண்ணன் இறந்த செய்தி எங்கள் யாத்திரைக் குழுவின் வாட்ஸப்பில் வந்தது. கயிலாயத்தை வலம் வரும் வழியில், டோல்மா கணவாயை எட்டும் முன்பே உயிர் பிரிந்துவிட்டது என்றிருந்தது. அதன் கீழே கைகூப்பிய படங்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. "குடுத்து வெச்ச சாவுங்க", "ஈசனே கூட்டிக்கிட்டான்" என்று எழுதியிருந்தார்கள். போத்தனூரில் என் வீட்டுச் சமையலறையில் நின்றபடி படித்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நினைவு மலருக்கு எழுதச் சொல்லிக் குழுவினர் கேட்டபோது, அந்தக் கோபத்தை மறைத்து எனக்கு எழுத வராது என்றேன். "உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க" என்றார்கள். எழுதுகிறேன். அச்சிடுவது அவர்கள் விருப்பம்.

ரங்கண்ணன் அன்னூர்ப் பக்கத்துக்காரர், கோவையில் பம்புசெட் பட்டறை வைத்திருந்தார். ஆண்டுதோறும் ஒரு கூட்டத்தைக் கயிலாயத்துக்கு அழைத்துப் போவார். அதற்கு முன் பல மாதங்கள், ஞாயிறு காலைகளில் மருதமலைப் படிகளில் ஏற்றி இறக்கிப் பழக்குவார். யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், "மூச்சு வாங்குதுன்னா மனசுல அழுக்கு இருக்குதுன்னு அர்த்தமுங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வார். நாங்கள் சிரிப்போம். என் அக்கா சரஸ்வதி சிரிக்கவில்லை, நம்பினாள். அவள் கணவர், எங்கள் மாமா, இறந்த பிறகு வீட்டை விட்டு வெளியே வராமலே கிடந்தவள், அவர் பேச்சைக் கேட்டுத்தான் ஷூ வாங்கினாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். இதை அவர் கணக்கில் நல்லதாகவே எழுதுகிறேன்.

உயரத்தில் வரும் நோய்க்கென்று மருத்துவர் எங்களுக்கு மாத்திரை கொடுத்திருந்தார். "மாத்திரை போட்டு மலை ஏறுறது பரீட்சையில காப்பி அடிக்கிற மாதிரிங்க" என்றார் ரங்கண்ணன். அக்கா அன்றே தன் மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிட்டாள். எனக்குத் தெரிந்தபோது நாங்கள் திபெத்துக்குள் வந்திருந்தோம். என் மாத்திரையை நீட்டினேன். வாங்க மறுத்தாள்.

வலம் தொடங்கிய முதல் நாள் மாலையில், மலையின் வடக்கு முகம் தெரியும் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அக்கா அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். விடிந்ததும் ஷூவின் கயிற்றைக் கட்டத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எழுந்து நடக்கச் சொன்னால் குடித்தவர் போலத் தள்ளாடினாள். எங்களோடு வந்த நேபாள வழிகாட்டி என் தோளைப் பிடித்து உலுக்கி, கையைக் கீழ்நோக்கிக் காட்டினான். "நீச்சே, நீச்சே" என்றான்.

ரங்கண்ணனிடம் ஓடினேன். ஆக்சிஜன் உருளையைக் கேட்டேன்.

"அது கணவாயில யாருக்காச்சும் தேவைப்படும் தம்பி."

"அக்காளுக்கு இப்பத் தேவைப்படுதுங்கண்ணா. நாங்க கீழ போறோம்."

அவர் என்னை விட்டுவிட்டு அக்காவிடம் குனிந்தார். "அம்மணி, இத்தனை தூரம் கூப்பிட்டவன் கைவிட்டுருவானா? எந்திரிங்க. இன்னைக்கு ஒரு நாள் பல்லைக் கடிச்சுட்டு நடந்துபோட்டா பிறவியே இல்லீங்க."

அக்கா எழ முயன்று மண்ணில் சரிந்தாள். அப்போதும் அவர் திரும்பிப் போகச் சொல்லவில்லை. நானும் வழிகாட்டியுமாக ஒரு குதிரைக்காரரைப் பிடித்து, அவளைக் குதிரையோடு சேர்த்துத் துண்டால் கட்டி இறக்கினோம். எங்களைத் தாண்டி மேலே போனவர்களில் ரங்கண்ணனும் இருந்தார். எங்களைப் பார்க்காமலே போனார். கீழே வண்டி பிடித்து, தக்லகோட்டு நகர மருத்துவமனையில் மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்த பிறகுதான் அக்கா தெளிந்து, "தண்ணி இருக்குதா கண்ணு?" என்று கேட்டாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். இன்னும் சில மணி நேரம் மேலே இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று அங்கிருந்த மருத்துவர் சைகையிலேயே புரியவைத்தார்.

இதைக்கூட நான் மறந்திருப்பேன். ஊர் திரும்பியதும் அன்னூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் யாத்திரை போய் வந்தவர்களுக்கு வரவேற்பு வைத்தார்கள். ரங்கண்ணன் மைக்கைப் பிடித்தார். "ரெண்டு பேரு பாதியில திரும்பீட்டாங்க. மலை எல்லாரையும் ஏத்துக்காதுங்க" என்றார். அக்கா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். போய் வந்தவர்கள் காலில் எல்லாரும் விழுந்து எழுந்தார்கள். அக்காவை மட்டும் ஒதுக்கிச் சுற்றிக்கொண்டு போனார்கள். அதன்பின் அவள் மருதமலைக்கு வரவில்லை. கோயிலுக்கே போகவில்லை. "எனக்கு அங்க இடமில்லைன்னு ஆயிப்போச்சு, விடு" என்பாள்.

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். மைக்கில் சொன்னதை மைக்கிலேயே மாற்றிச் சொல்லுங்கள் என்றேன். எந்திரச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது. "நான் பொய் சொல்லலையே தம்பி. திரும்புனீங்களா, இல்லியா?" டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

இந்த ஆண்டு அவரோடு போனவர் ஒருவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். ரங்கண்ணனுக்கு முந்தின நாளே தலைவலி. சாப்பிடவில்லை. பேச்சு குழறியது. கீழே போகலாம் என்று கெஞ்சியிருக்கிறார்கள். "நான் திரும்புனா ஊருல எப்படிங்க மூஞ்சியக் காட்டறது?" என்றாராம். அதைக் கேட்ட பிறகு என் கோபம் குறையவில்லை. அதிகமானது. அடுத்தவருக்குச் சொன்ன பொய்யைத் தானும் நம்பினார். அதைத் தவறென்று சொல்ல அவர் பக்கத்தில் யாரையும் விட்டுவைக்கவில்லை.

காரியத்துக்கு முந்தின நாள் அக்கா தானாகவே சேலை மாற்றிக்கொண்டு வந்து, "அவரு ஊட்டுக்குப் போலாம்" என்றாள். எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் போனோம். வந்தவர்கள் எல்லாரும் எவ்வளவு பெரிய பாக்கியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரங்கண்ணனின் மனைவி சுவரோரம் பாயில் இருந்தார். அக்காவைக் கண்டதும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

"எல்லாரும் பாக்கியம்ங்கறாங்க அம்மணி. என்ற ஊட்டுக்காரரு பாதியிலயே திரும்பி வந்திருந்தா எனக்குப் போதுமுங்க. நீங்க வந்துட்டீங்கல்ல. நீங்க செஞ்சதுதாங்க சரி."

அக்கா அவர் மடியில் முகத்தை வைத்து அழுதாள். மண்டபத்தில் அடக்கிய அழுகை அது. அடுத்த ஞாயிறு அவளாகவே மருதமலைக்குக் கூப்பிட்டாள்.

ரங்கண்ணனை நான் மன்னிக்கவில்லை. இறந்ததால் ஒருவர் சரியாகிவிடுவதில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்று, அவர் கேட்காமல் விட்ட கேள்வி. அக்காவோடு படி ஏறும்போது, அவளுக்கு மூச்சு வாங்குகிறதோ இல்லையோ, பாதி வழியில் நின்று, "போதுமாக்கா, இறங்கலாமா?" என்று நானே முதலில் கேட்டுவிடுகிறேன்.